தேய்மானக் கணக்கு

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். இயந்திரத்தில் சுழலும் பேரிங் எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் வேலையில் முக்கால்வாசி. சென்சார் அதிர்வைப் பதிவு செய்யும். அதில் சின்ன மாற்றம் தெரிந்தாலே, இன்னும் ஆறு வாரம் தாங்கும் என்று அறிக்கை எழுதிவிடுவேன். பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவார்கள். பேரிங்கிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

என் பாட்டிக்கும் இப்படி ஓர் அறிக்கை வந்தது.

பாட்டிக்கு வயது 81. பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டுக்கு ஒருநாளும் பிந்தியதில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்வார். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு சரி. ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார் என்று மாமா கிளினிக்குக் கூட்டிப்போனார். நானும் போயிருந்தேன். முப்பது மதிப்பெண்ணுக்கு ஒரு சோதனை. 1975இல் அமெரிக்காவில் உருவானது. எங்களுக்கு மலாயில் கேட்டார்கள். இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். பாட்டி தேதியைச் சொல்லவில்லை. “ஆடி அமாவாசைக்கு இன்னும் மூணு நாளுதான் இருக்கு” என்றார் தமிழில். சரியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு மதிப்பெண் இல்லை.

படிப்புக் குறைந்தவர்களுக்கு இந்தச் சோதனையில் மதிப்பெண் குறையும் என்பது மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. அந்த டாக்டரும், “இது முடிவு இல்ல, ரிஸ்க் கொஞ்சம் அதிகம், ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் பாப்போம்” என்றுதான் சொன்னார். வீடு வந்து சேர்ந்தது ‘ரிஸ்க்’ என்ற ஒரு சொல் மட்டும். ஒரே வாரத்தில் பாட்டியின் வங்கிப் புத்தகம் மாமாவின் அலமாரிக்குப் போனது. வீட்டுச் சாவியும் போனது. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு வைப்பது என்று அவரிடம்தான் எல்லாரும் கேட்பார்கள், அதுவும் நின்றது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எல்லாம் அக்கறைதான். அவருக்கு நோய் இருக்கிறதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இருப்பதுபோல நடத்த மட்டும் தொடங்கிவிட்டோம்.

இந்தக் கணிப்புகளையெல்லாம் எப்படித்தான் செய்கிறார்கள் என்று அப்போது தேடிப் படித்தேன். என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அமெரிக்கக் கன்னியாஸ்திரீகளைப் பற்றிய ஓர் ஆய்வு. டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கியது. நோட்ரடாம் பள்ளிச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த 678 பேர் அதில் பங்கெடுத்தார்கள். எல்லாரும் 75 வயதைத் தாண்டியவர்கள். அவ்வப்போது நினைவுச் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் மூளையை ஆய்வுக்குத் தரவும் சம்மதித்தவர்கள். ஒரே மாதிரி உணவு, ஒரே மாதிரி வாழ்க்கை, பெரும்பாலோர் ஆசிரியைகள். அதனால் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட வசதியாக இருந்தது.

மடத்தின் பழைய கோப்புகளில் ஒரு புதையல் கிடைத்தது. துறவு வாக்குக் கொடுக்கும் முன், சராசரி 22 வயதில், அவர்கள் எழுதிக் கொடுத்த சிறிய சுயசரிதைகள். 93 பேரின் எழுத்தை எடுத்துக்கொண்டு, பத்துச் சொல்லுக்கு எத்தனை கருத்து அடங்கியிருக்கிறது என்று எண்ணினார்கள். 1996இல் முடிவு வெளியானது. இளமையில் கருத்து அடர்த்தி குறைவாக எழுதியவர்கள்தான், ஏறத்தாழ 58 ஆண்டுகள் கழித்து, நினைவுச் சோதனைகளில் அதிகம் பின்தங்கினார்கள்.

பொறியாளனாக எனக்குப் புல்லரித்தது. பேரனாக வயிற்றைக் கலக்கியது. இன்ன ஊரில் பிறந்தேன், தம்பி தங்கைகள் இத்தனை பேர் என்று எளிமையாக நாலு வரி எழுதித் தந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். அந்த நாலு வரி கிழவியான பிறகு தன்னைப் பற்றிச் சாட்சி சொல்லும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அதே ஆய்வில்தான் சகோதரி மேரியும் வருகிறார். 101 வயதில் இறந்தவர். சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டே இருந்தார். இறந்தபின் மூளையைப் பார்த்தால் அல்சைமர் நோய்க்குரிய படிவுகள் ஏராளம். கூட்டத்தைப் பற்றிய உண்மை ஓர் ஆளைப் பற்றிப் பொய்யாகிவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் கணிப்பு தப்பலாம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. சோதனைகள் கூர்மையாகிக்கொண்டே போகின்றன. இரத்தத்திலுள்ள புரதங்களை அளந்து மூளைப் படிவைக் கண்டறிய உதவும் ஒரு சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். நாளைக்கு அறிகுறியே இல்லாதவர்களுக்கும் வரலாம். சரி, கணிப்பு நூற்றுக்கு நூறு சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போது பாட்டியின் புத்தகத்தை எடுத்து வைத்தது நியாயமாகிவிடுமா?

மாமாவிடம் கேட்டேன். “நாளைக்கு எவனாவது போன் பண்ணி காசெல்லாம் உருவிட்டா நீ பொறுப்பேத்துக்குவியா?” என்றார். அதுவும் நியாயமான பயம்தான்; இந்த நாட்டில் மக்காவ் ஸ்கேமில் பணத்தை விட்ட கதை கேள்விப்படாத வீடு ஏது? அடுப்புப் பிரச்சினைக்குத் தானே அணையும் அடுப்பு வாங்கலாம். பெரிய தொகை எடுக்கக் கூட ஒருவர் போகலாம். நாங்கள் செய்தது வேறு. அவர் இன்னும் இழக்காததை எல்லாம் முன்கூட்டியே பறித்துக்கொண்டோம்.

இங்கேதான் என் தொழிலின் கணக்கு உதவாமல் போகிறது. நான் அறிக்கை எழுதுவதால் பேரிங் சீக்கிரம் தேய்ந்துவிடாது. மனிதர் தேய்வார். லான்செட் ஆணையம் 2024இல், மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அந்தப் பட்டியலில் தனிமையும் இருக்கிறது. ரிஸ்க் என்று கேட்டதும் கணக்கு வழக்கையும் பேச்சையும் அவரிடமிருந்து ஒதுக்கிய நாங்கள், அதே ரிஸ்க்கைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

பட்டியலில் காது கேளாமையும் உண்டு. பாட்டிக்குக் காது மந்தம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். காது மெஷின் வாங்கலாம் என்று மூன்று வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். புத்தகத்தை எடுக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது. கணிப்பு வந்தால் செய்ய வேண்டியது என்று நிபுணர்கள் சொல்வதில் பெரும்பகுதி, கணிப்பே இல்லாமல் அவருக்கு நாங்கள் செய்திருக்க வேண்டியது.

அந்தச் சகோதரிகளிடம் கேட்டார்கள்; அவர்கள் சம்மதித்தார்கள். கிளினிக்கில் டாக்டர் மாமாவைப் பார்த்துப் பேசினார், மாமா அம்மாவைப் பார்த்துப் பேசினார். பாட்டி நடுவில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது அம்மாவுக்கும் பயம். “எனக்கும் வருமா தம்பி? ஏதோ ஜீன் டெஸ்ட் இருக்காமே” என்றார். எச்சில் மாதிரி அனுப்பினால் போதும். என் கை துறுதுறுத்தது. மறுநாள் காலையில் அவரே, “வேணாம், தெரிஞ்சா தினமும் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பேன்” என்றார். டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனும் 2007இல் தன் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, அல்சைமர் ஆபத்தைச் சொல்லும் அந்த ஒரு மரபணுவை மட்டும் தனக்கே சொல்ல வேண்டாம் என்றார். எங்கம்மா அவரைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. நானும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

காது மெஷின் வாங்கினோம். மாட்டிவிட்டு, டாக்டர் சொன்னதை முதல்முறையாகப் பாட்டியிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, “மறந்தா நீங்கல்லாம் சொல்லுங்க. அதுவரைக்கும் பொஸ்தகம் எங்கிட்ட இருக்கட்டும்” என்றார்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் போனோம். மதிப்பெண் இரண்டு குறைந்திருந்தது. வங்கிப் புத்தகம் அவருடைய பிஸ்கட் டின்னில் இருக்கிறது.