மாற்றுக் கொள்கையினரை எழுதும் வரலாற்றாசிரியரின் அறம்: ஜெனிஃபர் பர்ன்சின் ஆய்வுப் பணியை முன்வைத்து

தாம் சாராத கொள்கையொன்றின் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர், அக்கொள்கையினர்க்குச் செலுத்த வேண்டிய கடன் யாது என்னும் வினா பழையது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பழமைவாதத்தைப் பொறுத்தவரை இவ்வினா நெடுங்காலம் கூர்மை பெறவில்லை. ஆய்வே அருகியிருந்தமை அதற்குக் காரணம். ஜார்ஜ் நாஷ் 1976இல் வெளியிட்ட நூல், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பழமைவாதச் சிந்தனையாளர்களை ஓர் அறிவியக்கமாகக் கொண்டு ஆராய்ந்தது. எனினும் அதற்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1994இல், வரலாற்றறிஞர் ஆலன் பிரிங்க்ளி இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றெழுத்தில் பழமைவாதம் உரிய இடம் பெறவில்லை என எடுத்துரைக்க வேண்டியிருந்தது. முந்தைய தலைமுறையின் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாடர் முதலானோர் வலதுசாரி அரசியலைப் பெரிதும் மனக்கலக்கத்தின் வெளிப்பாடாகவே கண்டனர். ஒரு கருத்தை நோயெனக் கொண்டுவிட்டால் அதன் காரணங்களை ஆராயலாம். அதன் வாதங்களைச் செவிமடுக்க வேண்டியதில்லை.

இந்நிலை மாறிய காலத்தில் உருவானவர் ஜெனிஃபர் பர்ன்ஸ். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஸ்டான்போர்டிலும் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், எழுத்தாளர் அய்ன் ராண்டைப் பற்றிய தம் முதல் நூலை 2009இல் வெளியிட்டார். அரசின் அதிகாரத்தை இயன்ற அளவு சுருக்கித் தனிமனித உரிமையை முதன்மைப்படுத்தும் சுதந்திரவாதத்தினர் ராண்டைத் தம் முன்னோடியருள் ஒருவராகக் கொள்வர். கல்வியுலகமோ அவரைப் பொருட்படுத்தியதில்லை.

1905இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ராண்டின் இளமையில், அவர் தந்தையின் மருந்துக் கடையைப் போல்ஷெவிக் ஆட்சி பறிமுதல் செய்தது. 1926இல் அவர் அமெரிக்கா சென்றார். தன்னலத்தை அறமாகவும் பிறர்க்கெனத் தன்னை ஈதலைத் தீமையாகவும் அவர் கொண்டமை பலர்க்கு ஒவ்வாதது. இக்கொள்கையின் வேரை அக்கடையின் இழப்பிலிருந்து தொடங்கி பர்ன்ஸ் காண்கிறார். காரணம் காட்டுதல் கொள்கையை ஏற்பதாகாது. ஆயினும் காரணமறியாத மறுப்பு எதனை மறுக்கிறது என்பதைத் தானே அறியாது.

இவ்வாய்வில் அறநோக்கில் மிகுதியும் கருதத்தக்க பகுதி நூலின் இறுதியில், சான்றுகளைப் பற்றிய குறிப்பில் உள்ளது. ராண்டின் தனிக்குறிப்பேடுகள் அவர் மறைவுக்குப் பின் 1997இல் அச்சாயின. ராண்ட் நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் மூலத்தாள்களைக் காணும் வாய்ப்புப் பெற்ற பர்ன்ஸ், அச்சுநூலின் ஏறத்தாழ எல்லாப் பக்கங்களிலும் அறிவிக்கப்படாத மாற்றங்கள் உள்ளமையைக் கண்டார். தெளிவு கருதிச் சொற்களை நீக்கியும் சேர்த்தும் இருப்பதாகப் பதிப்பாசிரியர் முன்னுரையிலேயே கூறியிருந்தார். எங்கெங்கு என்று காட்டவில்லை. ராண்ட் தயங்கித் தயங்கி எழுதிய இடங்கள் ஐயமற்ற முடிவுகளாக மாறியிருந்தன. காலப்போக்கில் அவர் கருத்து மாறிய தடமும் மங்கியிருந்தது. பாடவேறுபாடுகளைப் பேணும் பதிப்பு மரபை அறிந்தோர்க்கு இதன் தீங்கை விளக்க வேண்டுவதில்லை.

அடியார்கள் திருத்தினர், அடியாரல்லாதவர் அத்தாள்களில் உள்ளவாறே காக்க முயன்றார். ராண்டின் மேதைமைக்குச் சான்றாக அமைய வேண்டும் என்னும் விருப்பம் அவருடைய சொற்களுக்கே பகையாயிற்று. அதே ஆண்டில் ராண்டின் வரலாற்றை வெளியிட்ட ஆன் ஹெல்லர்க்கு அக்காப்பகத்தின் கதவு திறக்கவில்லை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. எனினும் பர்ன்சுக்கு அதனைத் திறந்துவிட்டவர்களும் அந்நிறுவனத்தாரே என்பதை மறத்தல் முறையன்று.

சிவஞான சித்தியார் பிற சமயத்தார் கூற்றைப் பரபக்கமாக வகுத்துரைத்து மறுத்தபின் தன் கொள்கையைச் சுபக்கமாக நிறுவுகிறது. வரலாற்றாசிரியர்க்கு அச்சுபக்கம் இல்லை. பிறர் கூற்றை முழு வலிமையோடு எடுத்துரைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டால், அது உடன்பாடாகக் கருதப்படும் இடர் எப்போதும் உண்டு. பர்ன்சின் இரண்டாம் நூல் இவ்விடரை மிகுதியாக எதிர்கொள்கிறது. 2023இல் வெளிவந்த அந்நூல் பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மனைப் பற்றியது. அவருடைய தாள்கள் ஸ்டான்போர்டிலுள்ள ஹூவர் நிறுவனத்தில் உள்ளன; அவர் தம் இறுதிக்காலத்தில் சார்ந்திருந்த இடமும் அதுவே, பர்ன்ஸ் ஆய்வாளராக இணைந்துள்ள இடமும் அதுவே. இந்நெருக்கம் ஐயத்திற்கு இடமளிப்பது இயல்பு. நூல் அவ்வையத்தை ஒருவாறு போக்குகிறது. பிரீட்மனின் பணிக்குத் துணைநின்ற பெண் அறிஞர்களை அது முன்னிறுத்துகிறது. அவர்களுள் ஒருவரான ஆனா ஷ்வார்ட்ஸ், பிரீட்மனுடன் எழுதிய அமெரிக்கப் பணவரலாறு 1963இல் வெளிவந்த பின்னரே, 1964இல், முனைவர் பட்டம் பெற்றார்.

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தைப் பிரீட்மன் ஆதரிக்கவில்லை. நிறவேற்றுமை காட்டும் முதலாளி அதன் விலையைச் சந்தையில் தானே செலுத்துவார், சட்டத்தின் வற்புறுத்தல் விடுதலைக்கு மாறானது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை அதன் ஒழுங்கில் விளக்குதல் வரலாற்றாசிரியர் கடன். அதை விளக்கும்போது, தோலின் நிறத்தால் வேலை மறுக்கப்பட்டவரும் உணவுக்கடை வாயிலில் திருப்பியனுப்பப்பட்டவரும் வாதத்தின் எடுத்துக்காட்டுகளாகக் குறுகிவிடாமல் காத்தல் அதனினும் கடினமான கடன். பிரீட்மனின் நிலைப்பாட்டைப் பர்ன்ஸ் மறைக்கவில்லை, குறைகூறவும் தயங்கவில்லை. ஆனால் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகை, அவருடைய மேசையிலிருந்தே உலகைக் காணப் பழகியது. திருப்பியனுப்பப்பட்டவரின் சொல்லை வேறு ஊர்களின் வேறு தாள்களில்தான் தேட வேண்டும்.