இறைமை யாருடையது? ஐரோப்பிய ஐக்கியம் பற்றிச் சில சிந்தனைகள்

ஐக்கியம், சுதந்திரம் என்னும் இரண்டும் மனிதகுலம் பெரிதும் மதிக்கும் இலட்சியங்கள். இவற்றிடையே பகைமை இருத்தல் வேண்டும் என எவரும் எதிர்பாரார். எனினும் ஐரோப்பாவில் முக்கால் நூற்றாண்டாக இவை எதிரெதிர்ப் பாசறைகளின் கொடிகளாகவே பறந்து வருகின்றன. தேசங்கள் தத்தம் இறைமையின் ஒரு பகுதியைப் பொது நிறுவனங்களிடம் ஒப்படைத்து அரசியல் ரீதியாக ஒன்றிணைய வேண்டும் என்பர் ஒரு சாரார். தன்னைத் தானே ஆளும் உரிமையை எந்தத் தேசமும் பிறருடன் பங்கிடலாகாது என்பர் மறு சாரார். இன்று 27 நாடுகள் அங்கம் வகிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உள்ளும் புறமும் நடைபெறும் இவ்விவாதம் இராஜதந்திரிகளுக்கும் பொருளியலாளருக்கும் மட்டும் உரியதன்று. அதன் அடியில் ஓர் அறவியற் கேள்வி கிடக்கிறது: தாம் மட்டும் தெரிவு செய்யாத ஓர் அதிகாரத்தின் கட்டளைக்கு ஒரு மக்கட் கூட்டம் எந்த நிபந்தனையின் பேரிற் பணியலாம்? அக்கேள்வியையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

அந்நிய ஆட்சியிலிருந்து 1948இல் விடுபட்ட ஒரு நாட்டின் மக்களாகிய நமக்குச் சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளம் அதன் பக்கமே சாய்கிறது. இது இயல்பு. ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. அடிமைப்பட்ட மக்கள் கோரிய சுதந்திரம் பிறரால் ஆளப்படாதிருக்கும் உரிமை. ஐரோப்பிய வல்லரசுகள் நீண்டகாலமாகப் போற்றிய தேசிய சுதந்திரமோ பிறரை ஆளும் உரிமையையும் தன்னுள் அடக்கியிருந்தது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. ஆகவே சொல்லின் மயக்கத்திற்கு ஆளாகாது வரலாற்றை நோக்குவோம்.

ஐக்கிய ஐரோப்பா என்னும் கருத்துப் பழையது. எனினும் நம் காலத்தில் அதற்கு உயிர் கொடுத்தோர் மாளிகைகளில் வாழ்ந்தவரல்லர். இத்தாலியக் கரைக்கு அப்பாலுள்ள வெந்தோத்தேனே என்ற சிறு தீவில், முசோலினியின் பாசிச அரசு தன் எதிரிகளை அடைத்து வைத்திருந்தது. அங்கு 1941இல் அல்தியேரோ ஸ்பினெல்லி, எர்னெஸ்தோ ரொஸ்ஸி என்னும் இரு கைதிகள் ஓர் அறிக்கையை வரைந்தனர். ஸ்பினெல்லி இளமையில் கம்யூனிஸ்டுக் கட்சியிற் சேர்ந்து, 1927இல் கைதாகியவர். பின்னர் அக்கட்சியினின்றும் விலக்கப்பட்டவர். எவருக்கும் கட்டுப்படாத தேசிய அரசே யுத்தத்தின் ஊற்று என்பதும், பாசிசம் வீழ்ந்த பின்னர் பழைய தேசிய அரசுகளை அப்படியே மீளக் கட்டினால் பழைய அழிவே மீண்டும் வரும் என்பதும் அவ்வறிக்கையின் சாரம். ஐக்கிய ஐரோப்பா உழைக்கும் மக்களின் விடுதலைக்கும் வழிகோல வேண்டும் என்றும் அவர்கள் வற்புறுத்தினர். தேசத்தின் பெயராலேயே தாம் சிறையிலிடப்பட்டிருந்தமையால் தேசத்தின் பெயரை அவர்கள் இலேசில் நம்பவில்லை.

ஆனால் ஐக்கியத்தைக் கட்டியெழுப்பியவர்கள் அக்கைதிகளல்லர். 1950 மே 9ஆம் நாள் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ரொபேர் ஷூமான், பிரான்சினதும் மேற்கு ஜேர்மனியினதும் நிலக்கரி, உருக்கு உற்பத்தியைப் பொது அதிகாரமொன்றின் கீழ்க் கொண்டுவரலாம் என அறிவித்தார். 1951இல் இவ்விரு நாடுகளுடன் இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகியவையும் சேர்ந்து உடன்படிக்கை செய்தன. நிலக்கரியும் உருக்கும் பீரங்கியின் மூலப்பொருள்கள். அவ்வுடன்படிக்கை அவற்றின் உடைமையை மாற்றவில்லை. எனினும் 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மும்முறை போர் தொடுத்துக்கொண்ட இரு தேசங்கள் அதன் பின்னர் ஒன்றையொன்று சுட்டதில்லை. இதனை அற்பமென ஒதுக்குவது நேர்மையாகாது. யுத்தத்தில் முதலில் மடிபவன் உழைப்பாளியின் மகனே.

1915இலேயே லெனின் இப்பிரச்சினையை ஆராய்ந்திருந்தார். முதலாளித்துவ அமைப்பின் கீழ் ஐரோப்பிய ஐக்கிய நாடுகள் என்பது ஒன்றில் நடவாத காரியம், அன்றேல் பிற்போக்கானது. குடியேற்ற நாடுகளைப் பங்கிட்டுக் காப்பதற்கான ஒப்பந்தமாகவே அது முடியும் என்பது அவர் கருத்து. நடவாது என்றதை வரலாறு பொய்யாக்கிவிட்டது. பிற்போக்கு என்றதையோ முற்றாகப் பொய்யாக்கவில்லை. 1957இல் ரோம் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை, பொருளாதார சமூகத்தை நிறுவியபோது அல்ஜீரியாவையும் பெயர் சொல்லித் தன் எல்லைக்குட் சேர்த்துக்கொண்டது. அவ்வேளை அல்ஜீரிய மக்கள் பிரான்சுக்கு எதிராக விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தனர். அவர்களை எவரும் கேட்கவில்லை. பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த கொங்கோ மக்களையும் கேட்கவில்லை. தம்முள் இறைமையைப் பங்கிட்டுக்கொண்ட நாடுகள், பிறரிடமிருந்து பறித்த இறைமையைத் திருப்பிக் கொடுக்க மனங்கொள்ளவில்லை.

இத்துடன் தீர்ப்பை எழுதி முடித்துவிடலாமா? முடியாது. உழைப்போரின் வாழ்வில் ஐக்கியம் என்ன செய்தது என்பதையும் நோக்க வேண்டும். இரு வழக்குகளைச் சான்றாகக் கொள்வோம்.

முதலாவது, பெல்ஜிய விமானமொன்றில் பணிப்பெண்ணாக இருந்த கப்ரியேல் டெஃப்ரெனின் வழக்கு. அதே வேலையைச் செய்த ஆணுக்குக் கூடிய சம்பளமும் அவருக்குக் குறைந்த சம்பளமும் கொடுக்கப்பட்டன. ஆண் பெண் இருபாலாருக்கும் சம ஊதியம் என்ற விதி ரோம் உடன்படிக்கையில் 1957 முதலே இருந்தது. தம் நாட்டில் ஏற்கெனவே அத்தகைய சட்டம் இருந்தமையால் தம் தொழிலதிபர்கள் போட்டியில் நட்டமடைவர் என்ற பிரெஞ்சுக்காரரின் அச்சமே அவ்விதியை அங்கு புகுத்தியது. நோக்கம் எதுவாயினும் விதி விதியே. பெல்ஜிய அரசு அதனை நிறைவேற்றாமல் ஆண்டுகளைக் கடத்தியது. 1976இல் ஐரோப்பிய நீதிமன்றம், அவ்விதியை ஒரு பெண் தன் நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாகவே எடுத்துக்காட்டி உரிமை கோரலாம் எனத் தீர்த்தது. சொந்தத் தேசம் மறுத்த நீதியைத் தேசத்திற்கு மேலான சட்டம் வழங்கிற்று.

இரண்டாவது, லத்வியாவைச் சேர்ந்த லவால் என்ற கட்டடக் கம்பெனியின் வழக்கு. சுவீடனின் வக்ஸ்ஹோம் என்ற ஊரிற் பாடசாலை ஒன்றைப் புதுப்பிக்க அக்கம்பெனி லத்வியத் தொழிலாளரைக் கொண்டுவந்தது. சுவீடிஷ் தொழிற்சங்கங்கள் தம் கூட்டு ஒப்பந்தத்தில் ஒப்பமிடுமாறு கேட்டன. கம்பெனி மறுக்கவே 2004இல் வேலைத்தலத்தை முற்றுகையிட்டன. 2007இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம், அம்முற்றுகை எல்லை கடந்து சேவை வழங்கும் சுதந்திரத்திற்கு முரணானது எனத் தீர்த்தது. சுவீடனின் தொழிலாளர் பல தலைமுறைகளாகப் போராடிப் பெற்ற பலம், ஒரு கம்பெனியின் சுதந்திரத்தின் முன் தலைகுனிய வேண்டியதாயிற்று. லத்வியத் தொழிலாளி பசியோடு வந்தவன் என்பதையும் நாம் அறிவோம். அவனும் சுவீடன் தொழிலாளியும் தோழராக வேண்டியவர்கள். ஒருவர் கூலியை மற்றவர் குறைக்கும் போட்டியாளராக அவர்களைச் சந்தை நிறுத்தியது.

ஒரே நீதிமன்றம், ஒரே ஐக்கியம்; ஒன்றில் உழைப்பவர் வென்றார், மற்றதில் தோற்றார். ஆகவே ஆளும் வட்டம் பெரிதா சிறிதா என்பதைக் கொண்டு மட்டும் நீதியை அளக்க முடியாது என்பது தெளிவு.

இந்த உண்மையைக் கிரேக்க நாட்டின் அனுபவம் மேலும் கூர்மையாக்குகிறது. 2010 முதல் கடனுக்கு ஈடாக ஓய்வூதியமும் சம்பளமும் வெட்டப்பட்டன. பொதுச் சொத்துக்கள் விற்பனைக்கு வந்தன. 2015 ஜூலை 5ஆம் நாள் நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பில் நூற்றுக்கு 61 பேர் கடன்காரரின் நிபந்தனைகளை நிராகரித்தனர். எட்டு நாட்களின் பின், ஜூலை 13ஆம் நாள், அவர்களின் அரசாங்கம் அவற்றினும் இலகுவாயிராத நிபந்தனைகளுக்கு இணங்கியது. மக்கள் பேசினர், அவர்கள் பேச்சு காற்றிற் கலந்தது. தேசிய சுதந்திரத்தை வற்புறுத்துவோர் இதனினும் வலிய சான்றைத் தேட வேண்டியதில்லை.

ஆயினும் எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழுப் பலத்தோடு எதிர்கொள்ள வேண்டும். கடன் கொடுத்த நாடுகளிலும் வாக்காளர் உள்ளனர். கிரேக்கரிலும் வறியவர்களான ஸ்லொவாக்கியரின் பாராளுமன்றம் 2010இல் கிரேக்கருக்கான கடனிற் பங்கேற்க மறுத்தது. மீட்பு நிதியை விரிவாக்கும் பிரச்சினையால் 2011இல் அந்நாட்டு அரசாங்கமே கவிழ்ந்தது. கிரேக்கரின் வாக்குப் புனிதமானதென்றால் ஸ்லொவாக்கியரின் வாக்கு ஏன் புனிதமானதன்று? ஒரு தேசத்தின் முடிவு மற்றொரு தேசத்தின் பணப்பையைத் தொடும்போது, ‘எம் மக்கள் தீர்மானித்துவிட்டனர்’ என்பது மட்டும் போதிய விடையாகாது.

இவ்வாதம் நியாயமானதே. ஆனால் அது எங்கு நின்றுவிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கிரேக்கத்தின் பெயரால் வழங்கப்பட்ட கடனின் பெரும்பகுதி பழைய கடனையும் வட்டியையும் செலுத்துவதற்கும் வங்கிகளைத் தாங்குவதற்குமே போயிற்று. ஸ்லொவாக்கியத் தொழிலாளியும் கிரேக்க ஓய்வூதியக்காரரும் தத்தம் எல்லைக்குள் ஒருவரை எதிர்த்து மற்றவர் வாக்களிக்க முடிந்தது. வங்கிகளின் நட்டத்தை யார் சுமப்பது என்பதைப் பற்றி இருவரும் ஒருமித்து வாக்களிக்க ஓரிடமும் இருக்கவில்லை. ஐரோப்பியப் பாராளுமன்றம் 1979 முதல் மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படுகிறது. ஆயினும் அத்தீர்மானங்கள் அங்கு எடுக்கப்படவில்லை. நிதியமைச்சர்களின் மூடிய அறைக் கூட்டங்களில் எடுக்கப்பட்டன. பணம் ஐக்கியமாயிற்று, மக்களின் அதிகாரம் ஐக்கியமாகவில்லை. நோயின் மூலம் இதுவே.

அவ்வாறாயின் தேசத்தின் மதிலுக்குள் மீண்டும் புகுவதே மருந்தா? பிரித்தானியா 2016இல் நூற்றுக்கு 52 பேரின் வாக்கினால் விலகத் தீர்மானித்து 2020 ஜனவரி 31ஆம் நாள் விலகியது. ஆனால் ஸ்கொத்லாந்து மக்களில் நூற்றுக்கு 62 பேர் விலக வேண்டாம் என்றே வாக்களித்திருந்தனர். வட அயர்லாந்திலும் பெரும்பான்மையோர் அவ்வாறே வாக்களித்தனர். ‘தேசத்தின் விருப்பம்’ என்ற ஒற்றைச் சொல் எத்தனை விருப்பங்களை மூடி மறைக்கிறது!

அயர்லாந்துக் குடியரசின் உதாரணம் இதனினும் வியப்பானது. ஆப்பிள் கம்பெனியிடமிருந்து 1,300 கோடி யூரோ வரியை அறவிட்டுக்கொள்ளுமாறு ஐரோப்பிய ஆணைக்குழு 2016இல் அந்நாட்டுக்குக் கட்டளையிட்டது. அயர்லாந்து அரசாங்கமோ அப்பணம் தனக்கு வேண்டாமென்று நீதிமன்றம் ஏறியது. 2024இல் இறுதித் தீர்ப்பு ஆணைக்குழுவின் பக்கமே அமைந்தது. ஒரு தேசத்தின் இறைமை, தன் மக்களின் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் பயன்படக்கூடிய வரியைத் தட்டிக்கழிக்கப் பயன்பட்டது. இங்கு இறைமை உண்மையில் யாருடையது என நாம் கேட்காதிருக்க முடியுமா?

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது. ஐக்கியமும் சுதந்திரமும் தம்மளவில் முடிந்த முடிவான நன்மைகளல்ல. மக்கள் தம் வாழ்வைத் தாமே நெறிப்படுத்தும் ஆற்றலுக்கான கருவிகள். தனித்து நின்று ஒரு மக்களால் ஆற்ற முடியாததை ஆற்றும் வலுவைத் தரும்போது ஐக்கியம் அறமாகிறது. எல்லை கடந்து ஓடும் மூலதனத்தைக் கட்டுப்படுத்தும் வேலை அத்தகையது. மக்களின் கேள்விக்கு எட்டாத இடத்திற்கு அதிகாரத்தைக் கொண்டுசெல்லும்போது அதே ஐக்கியம் கொடுங்கோன்மையின் புதிய வடிவமாகிறது. தேசிய சுதந்திரத்திற்கும் இதே அளவுகோல்தான்.

ஆகவே எந்த ஐக்கியத்தின் முன்னும் நாம் மூன்று கேள்விகளை வைக்க வேண்டும். கட்டளையிடுவோரை, அக்கட்டளைக்குப் பணிவோர் எல்லாரும் சேர்ந்து நீக்க முடியுமா? தவறான சட்டத்தை மாற்ற முடியுமா? இரண்டும் முடியாதபோது வெளியேற முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு சிறிய மக்கள் விடையளித்தனர். கிறீன்லாந்து மக்கள் 1972இல் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தும், டென்மார்க்கோடு பிணைந்திருந்தமையால் 1973இல் பொருளாதார சமூகத்துட் சேர்க்கப்பட்டனர். சுயாட்சி பெற்ற பின் 1982இல் மீண்டும் வாக்களித்து, 1985இல் வெளியேறினர். வெளியேற வழியுள்ள வீடே வீடு, வழியில்லாதது சிறை.

முதலிரு கேள்விகளுக்கோ இன்னும் திருப்தியான விடை இல்லை. 1992இல் டென்மார்க் மக்கள் மாஸ்திரிக்ட் உடன்படிக்கையை நிராகரித்தபோது, சில விலக்குகளைக் கொடுத்து மறு ஆண்டில் மீண்டும் கேட்டார்கள். நிபந்தனை மாறினால் மீண்டும் கேட்பது பிழையன்று. ஆனால் 2005இல் பிரெஞ்சு மக்களும் நெதர்லாந்து மக்களும் அரசியலமைப்பு உடன்படிக்கையை நிராகரித்த பின்னர், அதன் பெரும்பகுதி லிஸ்பன் உடன்படிக்கை என்ற பெயரில் 2007இல் திரும்பி வந்தபோது அவர்களிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை. ‘ஆம்’ என்ற விடையை மட்டும் இறுதியானதென ஏற்று, ‘இல்லை’ என்பதைத் திருத்தப்பட வேண்டிய பிழையாகக் கருதும் ஓர் அமைப்பு மக்களை மாணவராக மதிக்கிறதேயன்றி எசமானராக மதிக்கவில்லை.

வெந்தோத்தேனேத் தீவின் கைதிகள் வங்கிகளின் ஐக்கியத்தைக் கனவு காணவில்லை. பாசிசத்தை எதிர்த்துத் தத்தம் தேசத்திற்காக உயிர் கொடுத்த தொழிலாளரும், வரி செலுத்தாத கம்பெனிக்கு அரணாக நிற்கும் சுதந்திரத்திற்காக உயிர் கொடுக்கவில்லை. இவ்விரு தியாகங்களும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஐரோப்பாவின் உழைக்கும் மக்கள் ஐக்கியத்தைத் தம் கையில் எடுப்பாராயின் தேசத்தின் சுதந்திரம் அதனாற் குன்றாது, நிறைவெய்தும். அதுவரை ‘ஐக்கியம் வேண்டும்’ என்று ஒருவர் கூறினும், ‘சுதந்திரம் வேண்டும்’ என்று மற்றொருவர் கூறினும், ‘யாருக்காக?’ என்று கேட்பதே நம் கடமை.