அடைக்கலப் பொருளும் அறங்காவலரும்



ஜினாலய நிருவாகக் குழுவிலோ கல்வி அறக்கட்டளையிலோ இடம் கிடைத்தால் பெருமை கொள்கிறோம். பொன்னாடை போர்த்துகிறார்கள், அழைப்பிதழில் பெயர் அச்சாகிறது. அப்பதவி எந்த விரதத்தைச் சார்ந்தது என எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

பிறர் பொருளைக் காப்பதாகையால் கள்ளாமையைச் சார்ந்தது என்று தோன்றும். ஆனால் உமாஸ்வாமி ஆசாரியர், தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், அடைக்கலப் பொருளைக் கவர்தலாகிய நியாஸாபஹாரத்தை வாய்மை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் வைத்துள்ளார். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் இதனை விளக்குகிறார். பொருளை ஒப்படைத்தவர் தொகையை மறந்து குறைத்துக் கேட்கிறார். வைத்திருப்பவர் 'ஆம், அவ்வளவே' என இசைந்து கொடுத்துவிடுகிறார். பூட்டை உடைக்கவில்லை. ஒரு சொல்லால் இசைந்தார், அதுவே குற்றமாயிற்று.

இதனை நம் ஊர்களுக்குப் பொருத்திப் பாருங்கள். நந்தீஸ்வர பூசைக்கென ஒரு பாட்டியார் காணி நிலம் எழுதிவைத்து மறைந்தார் எனக் கொள்வோம். பேரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வாழ்கின்றனர். நிலத்தின் அளவையும் அறியார், பூசையின் பெயரையும் அறியார். குத்தகைப் பணம் பொதுக் கணக்கில் சேர்ந்து மதிற்சுவருக்குச் செலவாகிறது. மதிலும் கோயிலுக்குத்தானே என்பர். பாட்டியார் வேண்டியது பூசை. கேட்பாரில்லாத இடத்தில் வாளா இருப்பதும் 'அவ்வளவே' என்பதும் எனக்கு வேறாகத் தோன்றவில்லை.

கூட்டம் நடவாமலே நடவடிக்கைக் குறிப்பேட்டில் கையொப்பமிடுவது, அப்பட்டியலிலுள்ள கூடலேகக் கிரியை என்னும் பொய்யாவணக் குற்றத்தைச் சாரும். உதவித்தொகை வேண்டிய குடும்பத்தின் வறுமையைத் திண்ணையில் அமர்ந்து பேசுவதோ மறை வெளிப்படுத்தலாகிய குற்றம்.

"நான் ஒன்றும் செய்யவில்லை, தலைவர் செய்தார்" என்பார் உளர். தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூன்றையும் எண்ணியே நம் ஆசாரியர்கள் வினைவாயில்களை 108 ஆக வகுத்தனர். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டமும் ஏறத்தாழ இதனையே கூறுகிறது: உடன் அறங்காவலர் செய்யும் தவற்றை அறிந்தும் மறைப்பவரும், உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்காதவரும் பொறுப்பாவர். அச்சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கே உரியது; எனினும் கோயிற் பொறுப்பாளர் மனங்கொள்ளத் தக்கது.

வைப்பு நிதியை முதலிடும்போது கூடுதல் வட்டிக்கு மயங்கலாகாது. நிதி நிறுவனங்களில் பணமிட்டோர் பட்ட துயரால், 1997இல் தமிழக அரசு வைப்பீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. நம் சொந்தப் பணம் போனால் துயரம் நம்மோடு நிற்கும். அறப்பொருள் போனால் விளக்குக்கு எண்ணெய் நிற்கும்.

கேள்வியே எழாத வகுப்பைக் கண்டு மகிழாதீர்கள் என்று ஆசிரியப் பயிற்சி மாணவியரிடம் கூறுவது என் வழக்கம். குழு உறுப்பினருக்கும் அதனையே கூறுவேன். ஆண்டுக் கணக்கில் கையொப்பமிடுமுன் கட்டளைப் பதிவேட்டைக் கேளுங்கள்: அளித்தவர் பெயர், நோக்கம், நிலத்தின் சர்வே எண், சென்ற ஆண்டு வருவாய், பூசை நடந்த நாள். பதிவேடு இல்லையெனில் ஊர் மூதாட்டியரை அணுகுங்கள். எந்தக் குழுவும் அவர்களை அழைப்பதில்லை. ஆயினும் எவர் எதற்கு எழுதிவைத்தார் என்பதை அவர்களே நினைவில் வைத்துள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.