தராசு யார் கையில்?

வாக்கை நிறைவேற்றுவது முஃமினின் கடமை. கையொப்பமும் ஒரு வாக்குத்தான். அப்படியாயின், அநியாயமான நிபந்தனையில் கையொப்பமிட்டவன் அதற்குக் கட்டுப்பட்டவனா?

பாகூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஜும்ஆ முடிந்ததும் என்னிடம் கேட்ட கேள்வி இது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பது அவர் தொழில். வெளியூர் நிறுவனம் ஒன்று வேலையை வாங்கிக்கொண்டு 18,000 ரூபாயைத் தர மறுத்துவிட்டது. தகராறு வந்தால் நிறுவனம் நியமிக்கும் ஒரே நடுவர் டில்லியில் விசாரிப்பார், அவர் சொல்வதே முடிவு என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கண்டிருந்தது. "படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஹஜ்ரத். இனி எதிர்த்துப் பேசினால் வாக்குமாறியவன் ஆவேனா?" என்றார்.

நடுவரை ஏற்பது மார்க்கம் அனுமதித்த வழியே. தம்பதியர் பிணக்கில் கணவன் குடும்பத்திலிருந்து ஒருவரையும் மனைவி குடும்பத்திலிருந்து ஒருவரையும் நியமிக்கச் சொல்கிறது திருமறை (4:35). ஒரு பக்கத்தார் மட்டும் போதும் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கும் வழக்கு எழுந்தபோது, இருவரும் ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களின் இல்லம் சென்றார்கள். ஸைத் அவர்கள் கலீஃபாவுக்குத் தனி இடம் தந்தார்கள். அதையே முதல் அநீதி என்று கண்டித்து, உமர் (ரலி) எதிர்வழக்காளியின் பக்கத்திலேயே அமர்ந்தார்கள். நாடாளும் கலீஃபா ஓர் இருக்கையைக்கூடத் தமக்கென ஏற்கவில்லை. இங்கோ நீதிபதியையே ஒரு தரப்பு வைத்துக்கொள்கிறது!

இறைச்சட்டத்துக்கு முரணான நிபந்தனை நூறாயினும் செல்லாது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. வேலையின் தரம், கெடு, கூலி இவற்றில் தந்த வாக்கு அந்த இளைஞரைக் கட்டுப்படுத்தும். ஆனால் உரிமையை மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. உரிமை எதுவென்று சொல்லும் அதிகாரத்தையே எதிராளியிடம் கொடுப்பது வேறு. ஆகவே நியாயம் கேட்பது வாக்கு மீறலாகாது என்றேன்.

நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. வழக்கின் முடிவில் லாபநஷ்டம் உடையவர் தனி நடுவரை நியமிக்கலாகாது என்று 2019இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் இத்தகைய ஷரத்தைக் கண்டித்தது. 2020இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், டிரைவர்கள் 14,500 டாலர் கட்டி நெதர்லாந்தில் வழக்காட வேண்டும் என்ற ஊபர் நிறுவனத்தின் ஷரத்தைச் செல்லாததாக்கியது.

எனினும் எச்சரிக்கை தேவை. தகராறு எழுந்தபின் "அந்த நடுவரையே ஏற்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் சட்டத்தின் இந்தப் பாதுகாப்பு போய்விடும். வெளியூரில் விசாரணை என்ற ஷரத்தும் தானாக விழுந்துவிடாது. எனவே கையொப்பத்துக்கு முன்பே படியுங்கள்; இருவரும் ஒப்பும் நடுவரையும் பக்கத்து ஊரையும் கேளுங்கள்.

இறுதியாக நம்மையும் பார்ப்போம். வீடு கட்டும் கொத்தனாரிடம், "கூலித் தகராறு வந்தால் என் மச்சான் தீர்த்து வைப்பார்" என்கிறோமே! டில்லியில் நடந்தால் அநியாயம், வில்லியனூரில் நாம் செய்தால் வழக்கமா?

நமக்கு எதிராயினும் நீதியில் நிலைத்து நிற்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.