யாருடைய பாதங்கள்?

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பன்னிருவர் பீடத்தருகே வந்து அமர்கின்றனர். குருவானவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர்களுடைய பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். அவர்களோ முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். வீட்டிலேயே கால்களை நன்கு கழுவிக்கொண்டு வந்தவர்கள். அழுக்கற்ற கால்களைக் கழுவுவது தாழ்ச்சியாகுமா?

இயேசுவின் காலத்தில் புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அடிமையின் வேலை. அதனாலன்றோ பேதுரு பதறி மறுத்தார்! யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை ஊன்றிப் படிப்போமாயின், மற்றோர் உண்மையும் புலப்படும். யூதாசு பந்தியை விட்டு வெளியேறியது பாதம் கழுவிய பின்னரே. காட்டிக்கொடுக்கப் போகிறவனின் கால்களையும் ஆண்டவர் தம் கைகளில் ஏந்தினார். அவர் எந்தக் காலையும் ஒதுக்கவில்லை, நாமோ ஒதுக்குகிறோம்.

1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வார வழிபாட்டைச் சீரமைத்தபோது, இச்சடங்கு மாலைத் திருப்பலிக்குள் இடம்பெற்றது. நெடுங்காலம் ஆண்களுக்கே அந்த இடம் உரியதாயிருந்தது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமை நகரின் இளையோர் சிறைக்குச் சென்று, அங்கிருந்த பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இசுலாமியரும் இருந்தனர். 2016இல் விதியே மாறியது. இறைமக்களுள் ஆண், பெண் யாரையும் தேர்ந்தெடுக்கலாம் என்றாயிற்று.

விதி மாறியது, நம் மனம் மாறியதா? கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு தமிழகத் திருச்சபைக்கு உண்டு. ஒரே அப்பத்தைப் பகிரும் நாம், ஒதுக்கப்பட்ட சகோதரரின் வீட்டுத் திருமணப் பந்தியில் அமரத் தயங்குகிறோம். வரப்புத் தகராற்றில் உடன்பிறந்தவரோடு பேச்சை முறித்துக்கொண்டு, பாதம் கழுவும் காட்சியைக் கண்டு உருகுகிறோம்.

அதற்காகச் சடங்கைக் குறை கூறுவது முறையன்று. குனியப் பழகாத உடலைக் குனியப் பழக்குவது அதுவே. ஆனால் பழகிய பின்னும் பீடத்தருகே மட்டும் குனிவோமெனில், அச்சடங்கு வெறும் காட்சியாகிவிடும்.

மேலும், பிறர் பாதத்தைக் கழுவுவோர் கொடுப்பவராகவே நிற்க முடியும். அங்கும் செருக்கு நுழையக் கூடும். சமாரியரோடு யூதர் பழகாத காலத்தில், கிணற்றருகே சமாரியப் பெண்ணிடம் இயேசு கேட்டது குடிக்கத் தண்ணீர். நாம் ஒதுக்கி வைத்தவரின் கால்களைக் கழுவ நீர் சுமந்து செல்லுமுன், அவர் கையால் பருக நீர் கேட்போம்.