சாலையும் நாபோத்தின் தோட்டமும்

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டினம் வழியாகக் குப்பனூரை அடைந்து, அங்கிருந்து சேர்வராயன் மலையேறி ஏற்காட்டுக்குச் செல்லும் பாதை ஒன்று உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட முதன்மை மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்துத் தடைபடும்போது, பலமுறை இந்தப் பாதையே மலைவாழ் மக்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. இதில் எவரும் எங்கும் கால் வைக்கலாம். பால் கொண்டு செல்பவரும், ஆடு ஓட்டி வருபவரும், பள்ளிக்குச் செல்லும் சிறுமியும் இதன் உரிமைக்காரரே. சாலை இங்கே ஊரின் ஓர் உறுப்பு.

2018-ஆம் ஆண்டில் இவ்வட்டாரம் வேறொரு வகைச் சாலையை எதிர்கொள்ள நேர்ந்தது. சேலத்தையும் சென்னையையும் இணைக்க 277 கிலோமீட்டர் நீளத்திற்கு, ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய்ச் செலவில், எட்டு வழிப் பசுமைச் சாலை ஒன்று அறிவிக்கப்பட்டது. ஐந்து மாவட்டங்களின் வயல்களையும் தோப்புகளையும் காடுகளையும் ஊடறுத்துச் செல்லும் திட்டம் அது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அளவைப் பணி தொடங்கியபோது, குப்பனூர் சுற்றுவட்டார நிலங்களிலும் எல்லைக் கற்கள் நடப்பட்டன. தென்னையும் பாக்கும் மரவள்ளியும் வளர்ந்த மண்ணில் நின்று முதியவர்கள் அழுததை நாடே கண்டது.

இத்தகைய விரைவுச் சாலையில் நினைத்த இடத்தில் ஏறவோ இறங்கவோ இயலாது. வெகுதொலைவுக்கு ஒன்றாக அமையும் சந்திப்பு மேம்பாலங்களின் வழியாகவே நுழைய வேண்டும். 2008-இல் திறக்கப்பட்ட சென்னைக் கத்திப்பாரா மேம்பாலத்தைக் கண்டோர், வாகனங்கள் நிற்காமல் வளைந்து திசைமாற எவ்வளவு பரந்த நிலம் வேண்டும் என்பதை அறிவர். பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்டு முதல் இருசக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் டிராக்டர்களுக்கும் இடமில்லை. ஆக, நிலம் கொடுத்த உழவர் தம் நிலத்தின்மேல் அமைந்த சாலையில் தம் வண்டியை ஓட்ட இயலாது. கடற்கரையை நோக்கி நாள்தோறும் பெருகிவரும் சென்னைப் புறநகரின் விரைவுக்காக, கடலையே அன்றாடம் காணாத ஒரு மலையடிவாரச் சிற்றூர் வழிவிட வேண்டும். இது நீதியா?

இவ்வினாவுக்கு அவசரமாக விடை கூறுதல் தகாது. சாலை வேண்டாம் என்று சொல்வது எளிது. நோயாளியைச் சுமந்து செல்லும் ஊர்தியும் நல்ல சாலையில்தான் ஓட வேண்டும். விளைபொருள் வாடுமுன் சந்தை சேர்வதும் சாலையால்தான். வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் செல்லும் நாம், சாலை அகலமாக இருப்பதற்காக மகிழ்கிறோமேயன்றி, அதன் அடியில் எவர் வயல் கிடக்கிறது என்று கேட்பதில்லை. திருச்சபையும் தனியுடைமையைத் தெய்வமாக்கியதில்லை. மண்ணுலகின் வளங்கள் எல்லா மக்களுக்கும் உரியவை என்பது அதன் தொன்மையான போதனை. திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், மக்களின் முன்னேற்றம் குறித்து 1967-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பொதுநலன் சில வேளைகளில் தனியார் நிலத்தைக் கையகப்படுத்துவதைக் கோரும் என்பதை ஏற்றுக்கொள்கிறார். ஆனால், அவர் அங்கே சுட்டுவது பயன்படுத்தப்படாமலும் பிறரை வறுமைக்குள்ளாக்கியும் கிடக்கும் பெருநிலங்களை. ஒரு குடும்பத்தின் கஞ்சிக்கு ஆதாரமான ஒன்றரை ஏக்கரை அன்று.

விவிலியத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம் நம் நினைவுக்கு வருகிறது. ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை: ஆகாபு அரசன் முதலில் கேட்கத்தான் செய்தான். அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவோ, விலை தருவதாகவோ நியாயமாகவே பேசினான். மூதாதையரின் உரிமைச் சொத்தை நாபோத்து தர மறுத்தபோதுதான் பொய்ச்சாட்சியும் கொலையும் நுழைந்தன. இழப்பீடு கொடுக்க முன்வந்ததால் ஆகாபு நீதிமானாகிவிடவில்லை. மறுக்கும் உரிமையற்றவனிடம் கேட்பது, கேட்பதே ஆகாது.

எனினும், ஆகாபு நாடியது தன் அரண்மனைக்குக் காய்கறித் தோட்டம். சாலையோ பலருக்கும் உரியது என்று ஒருவர் வாதிடலாம். வாதம் சரியே. அப்படியானால் மற்றொரு நிகழ்வை நோக்குவோம். கொள்ளைநோய் நீங்கப் பலிபீடம் எழுப்ப வேண்டித் தாவீது அரசர் அரவுனாவின் போரடிக்கும் களத்தை நாடினார். அது நாட்டு மக்கள் அனைவரின் உயிர் காக்கும் காரியம். அரவுனா களத்தையும் காளைகளையும் விலையின்றியே தர முன்வந்தான். தாவீது இசையவில்லை. தமக்குச் செலவில்லாத பலியை ஆண்டவருக்குச் செலுத்த மாட்டேன் என்று கூறி, ஐம்பது செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கினார். பொதுநலனுக்கான உரைகல் இதுவே. நலன் பெறுவோர் தாமும் விலை கொடுக்கிறார்களா? அல்லது ஒருவன் இழப்பின்மேல் மற்றவர்கள் இலவசமாகப் பயணிக்கிறார்களா?

நம் நாட்டுச் சட்டம் இவ்விலையைப் பணமாக மட்டும் எண்ணுகிறது. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், சமூகத் தாக்க மதிப்பீட்டை ஒரு கடமையாக்கியது. ஆனால், தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டமே தொடர்கிறது. 2015 முதல் புதிய சட்டத்தின் இழப்பீடும் மறுவாழ்வும் நெடுஞ்சாலைக்கு நிலம் இழப்போருக்கும் கிடைக்கின்றன. அந்த மதிப்பீடு மட்டும் கிடைப்பதில்லை. அறிவிப்பு வெளியாகி 21 நாள்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். தென்னைக்கு விலையுண்டு, கிணற்றுக்கு விலையுண்டு. "உன் வாழ்வு இதனால் என்னவாகும்?" என்று முன்கூட்டிக் கேட்கும் கடமைதான் எவருக்கும் இல்லை.

2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம், இச்சாலைக்கான நிலம் கையகப்படுத்தும் அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வறிவிப்புகள் செல்லும் என்றது. ஆயினும், நிலம் முறைப்படி கைமாறுமுன்பே வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயர்களை மாற்றியது தவறு என்ற முடிவு மட்டும் நிலைத்தது. பழைய பெயர்களை மீண்டும் பதியுமாறு ஆணையாயிற்று. ஆண்டுகள் பல கடந்தும் அந்தச் சாலை போடப்படவில்லை. சட்ட நுணுக்கமாகத் தோன்றும் அந்த ஒரு செய்தியில் என் மனம் நிலைகொள்கிறது. கல் நடுவதற்கும் மரம் வெட்டுவதற்கும் முன்பாக மனிதனின் பெயர் அழிக்கப்படுகிறது. பெயர் அழிந்தபின் அவன் ஒரு தடையாக மட்டுமே தென்படுகிறான். நல்லாயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நம்புகிற நமக்கு, இது வெறும் நிர்வாகப் பிழை அன்று.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில், திட்டங்கள் குறித்த உரையாடலில் உள்ளூர் மக்களுக்குத் தனியிடம் வேண்டும் என்கிறார். அவ்விடம் அவர்களுக்கு அளிக்கப்பட்டால் பல வழிகள் புலப்படலாம். இருக்கும் சாலைகளை அகலப்படுத்தினால் போதாதா என்று அவர்கள் கேட்கலாம். புதுச் சாலை வேண்டும் என்றே முடிவானாலும், வயலின் இரு பாதிகளையும் இணைக்கும் சுரங்கப்பாதை எங்கே, சந்திப்பு எவ்வூருக்குப் பயன்படும், சுங்க வருவாயில் நிலம் இழந்தோருக்கு ஆண்டுதோறும் பங்கு உண்டா என்று கேட்கலாம். நிலத்தைப் பணமாக்கிக் கொடுத்தால் அது சில ஆண்டுகளில் கரையும். பாக்குத் தோப்போ தலைமுறைக்குச் சோறு போடும்.

அரசை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. அகலச் சாலைகளை வேண்டுவோர் நாமே. அரை மணி நேரம் முன்னதாக வீடு சேர்வது நமக்கு நலன்தான். ஆனால், அந்த அரை மணி நேரத்தை எவரோ தம் வாழ்நாளிலிருந்து நமக்கு ஈந்திருக்கலாம். அடுத்த முறை நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது, இருபுறமும் பாதியாய் நிற்கும் ஒரு தோப்பைக் கண்டால், அதன் மறுபாதிக்கு உரியவரை ஒருகணம் நினைப்போம். நம் ஊரில் ஒரு சாலைக்காக நிலம் அளக்கப்படும் நாளில், அந்நினைவு நம்மை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தட்டும்.