எண்ணெய்க்கு எழுதி வைத்தவர்கள்

கெய்ரோவில் இப்னு தூலூன் பள்ளிவாசலை ஒட்டி ஒரு மதரஸா இருக்கிறது. மம்லூக் அமீர் ஸர்கித்மிஷ் 1356-இல் கட்டியது. அவருக்காகச் செய்த கண்ணாடி விளக்கு ஒன்று 2024 நவம்பரில் லண்டனில் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்து, 50 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. செய்தியைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இறைவனின் வீட்டுக்கென்று கொடுத்த விளக்கு கை மாறிக் கை மாறி ஏல மேடைக்கு வந்துவிட்டால், அந்தக் கொடை என்ன ஆகிறது? கொடுத்தவருக்கு அதன் நன்மை இன்னும் போய்ச் சேர்கிறதா?

இந்த வகை விளக்கை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். குடம் போன்ற வயிறு, மேலே விரிந்த கழுத்து, வயிற்றைச் சுற்றிலும் சங்கிலி மாட்டும் காதுகள். உயரம் ஒரு முழம்கூட வராது. கழுத்தில் பெரும்பாலும் நீல எனாமலில் இறைவசனம் எழுதியிருக்கும். குர்ஆனில் அந்நூர் அத்தியாயத்தின் 35-ஆம் வசனம். இறைவனின் ஒளிக்கு மாடத்தில் இருக்கும் விளக்கை உவமை சொல்லும் வசனம் அது. வயிற்றுப் பகுதியில் கொடுத்தவரின் பெயரும் பட்டங்களும். கூடவே பதவிச் சின்னம்: சுல்தானுக்குப் பானம் ஏந்தியவர் என்றால் ஒரு கோப்பை. பெயரை எழுதியிருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் நீல எனாமலை நிரப்பி, எழுத்தின் இடத்தை மட்டும் கண்ணாடியாகவே விட்டு, அதன்மேல் பொன் பூசியிருப்பார்கள். உள்ளே சுடர் எரிந்தால்தான் பெயர் துலங்கும். அன்று அந்தக் காட்சிப் பெட்டியில் வெளிச்சம் வெளியிலிருந்து விழுந்தது. நீலம் பளபளத்தது, பெயர் மங்கிக் கிடந்தது.

இதற்குள் நேராக எண்ணெய் ஊற்றுவதில்லை. உள்ளே ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதில் கீழே தண்ணீர், மேலே எண்ணெய், அதில் திரி. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலும் இதே முறைதான். என் வாப்பா அங்கே தொழுகைக்கு அழைக்கும் மோதினார். அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்ததும் கிண்ணங்களை இறக்கி, சாம்பல் போட்டுத் துலக்கி, பாதிக்கு மேல் தண்ணீர் விடுவார். பிறகு தேங்காய் எண்ணெயை விளிம்போரமாக, தண்ணீர் கலங்காதபடி மெல்ல வார்ப்பார். எண்ணெய் தீர்ந்தால் சுடர் தண்ணீரைத் தொட்டுச் சடசடவென்று தானே அணைந்துவிடும்; கண்ணாடி வெடிக்காது. அந்த எண்ணெய்க்குக் காசு எப்போதோ ஒருவர் பள்ளிக்கு எழுதி வைத்த தென்னந்தோப்பிலிருந்து வந்தது. அவர் பெயர் எந்த விளக்கிலும் இல்லை. பத்திரத்தில் மட்டும்தான் இருந்தது.

கெய்ரோவின் பெரிய பள்ளிகளுக்கு எழுதிய வக்ஃப் என்னும் அறக்கொடைப் பத்திரங்களிலும் எண்ணெய்க்கு என்று தனியாகப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். விளக்கேற்றுபவருக்குச் சம்பளமும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். கிழடானதற்கு ஈடாகக் குட்டி வந்துகொண்டே இருக்கும். கணக்கில் ஆடு குறையாது, மாடத்தில் சுடரும் குறையாது. சமயம் வேறு, ஊர் வேறு, ஆனால் கொடுத்தவர்களின் எண்ணம் ஒன்றுதான். விளக்கு ஒருநாள் கொடுத்து முடிகிற பொருள். தினமும் அதை எரியவைப்பதற்கு வழி செய்துவிட்டுப் போனார்களே, அதைத்தான் நான் கொடை என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் ஸர்கித்மிஷ் போன்றவர்களின் கொடை முறிந்தது ஏலச் சுத்தியல் விழுந்த அன்று இல்லை. பள்ளியில் எண்ணெய் நின்ற அன்றே முறிந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் கெய்ரோப் பள்ளிகளிலிருந்து இப்படிப்பட்ட விளக்குகள் பல வெளியேறி, ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் சேர்ந்தன. 1881-இல் கெய்ரோவில் பழஞ்சின்னங்களைக் காக்க ஒரு குழு அமைந்தது. பள்ளிகளில் எஞ்சியவற்றில் பல பின்னர் அரசின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கேயும் நிம்மதி இல்லை. 2014 ஜனவரியில் எதிரே இருந்த காவல் தலைமையகத்தில் கார் குண்டு வெடித்தபோது அந்த அருங்காட்சியகத்தின் அரிய கண்ணாடிப் பொருள்கள் நொறுங்கின. எங்கே இருந்தால் பத்திரம் என்ற வாதம் இருபுறமும் முடிவில்லாமல் போகும். அதில் எனக்கு அக்கறை குறைவு.

என் கேள்விக்கு விடை தேட எனக்கு உதவியவர் இமாம் கஸ்ஸாலி. 1111-இல் மறைந்தவர். இந்த ஒளி வசனத்தைப் பற்றியே 'மிஷ்காத்துல் அன்வார்' என்று ஒரு சிறு நூல் எழுதினார். மாடம், கண்ணாடி, விளக்கு, மரம், எண்ணெய் என்று வசனத்தில் வரும் ஐந்தையும் மனித ஆன்மாவின் ஐந்து ஆற்றல்களாக வைத்து விளக்குகிறார். மாடம் புலன்கள், கண்ணாடி கற்பனை, விளக்கு அறிவு. கற்பனை ஏன் கண்ணாடி? முதலில் அது மண்ணின் கனம் உள்ள, ஒளி புகாத பொருள். துலக்கித் துலக்கித் தெளிந்த பிறகு ஒளியை மறைப்பதில்லை. காற்றில் அணையாமலும் காக்கிறது. இதைப் படித்தபோது அந்தக் காட்சிப் பெட்டியில் நான் பார்த்தது என்ன என்று புரிந்தது. கலைஞனின் கற்பனை முழுசாக அப்படியே இருந்தது. எதைக் காக்க அந்தக் கண்ணாடி செய்யப்பட்டதோ, அது இல்லை.

என் நண்பர் ஒருவர், மார்க்கம் நன்றாக ஓதியவர், இங்கேதான் என்னை மடக்கினார். "கண்ணாடியில் புனிதம் கிடையாது என்று நீங்களே சொல்றீங்க. பிறகு யார் வித்தா என்ன, யார் வாங்கினா என்ன?" என்றார். புனிதம் கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பொருளை அப்படி நினைப்பது எங்கள் நம்பிக்கைக்கே ஒவ்வாது. ஆனால் அதில் கடன் இருக்கிறது. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) வக்ஃப் செய்தபோது வைத்த நிபந்தனை: விற்கக்கூடாது, அன்பளிப்பாகத் தரக்கூடாது, வாரிசுக்குப் போகக்கூடாது. அதன் பயன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பிற்காலத்தில் ஹன்பலி சட்ட அறிஞர்கள் இதை இன்னும் யோசித்தார்கள். வக்ஃப் செய்த பொருள் பயனற்றுப் போனால் விற்கலாம். ஆனால் கிடைத்த பணம் அதே நோக்கத்துக்கே போக வேண்டும் என்றார்கள். அதாவது பொருள் கை மாறினாலும் நோக்கம் பணத்தோடு சேர்ந்தே நடக்கிறது.

எங்கள் பள்ளிக்கு மின்சாரம் வந்தபோது இதுதான் நடந்தது. கிண்ணங்களை இறக்கிவிட்டார்கள். தோப்பு வருமானத்தை என்ன செய்வது என்று பள்ளியின் நிர்வாகியான முத்தவல்லி கேட்டதற்கு வாப்பா, "எண்ணெய்க்கு எழுதினதைக் கரண்டு பில்லுக்குக் கட்டுங்க, எழுதினவருக்கு ஒண்ணுதான்" என்றார். ஜமாஅத்தில் யாரும் மறுக்கவில்லை. ஏல நிறுவனங்களின் விலைப்பட்டியலில் உயரம், விரிசல், பொன் தேய்மானம், முன்பு யாரிடம் இருந்தது என்பதெல்லாம் இருக்கும். எந்த வீட்டில் எரிவதற்காகக் கொடுத்தது என்பதையும் அதில் பொறுப்பாகவே எழுத வேண்டும் என்கிறேன். இப்படி ஒரு விளக்குக்கு லட்சக்கணக்கில் பவுண்டு கொடுப்பவர், அதில் ஒரு பங்கை இரவில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கும் ஏதாவது ஓரிடத்தின் வெளிச்சத்துக்கு எழுதி வைக்கட்டும். அது மதரஸாவாக இருக்கலாம், ஊர் நூலகமாகவும் இருக்கலாம்.